செயற்கைக்கோள் படத்தில் ஊரே பச்சையாகத் தெரிகிறது, பூங்காவுக்கு இடம் எப்படித் தேடுவது?

பாலக்காட்டுக் காத்து:

வணக்கம். பாலக்காடு முனிசிபாலிட்டியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வார்டில் இருக்கிறோம், தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்காக வார்டு சபை கூடப்போகிறது. ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்து "மரம் வேணும், பிள்ளைங்க விளையாட ஒரு பூங்கா வேணும்" என்று கேட்பார்கள், குறிப்பில் எழுதிக்கொள்வார்கள். எந்த இடம், எத்தனை சென்ட், யாருக்குப் பயன் என்ற விவரம் இல்லாததால் திட்டம் தயாரிக்கும் ஒர்க்கிங் குரூப்பைத் தாண்டி அது நகராது. இந்த முறை இன்ன தெருவில் நிழல் இல்லை, இன்ன இடத்தில் செய்யலாம் என்று வரைபடத்தோடு எழுத்தில் கொடுப்பதாக எங்கள் ரெசிடென்ஸ் அசோசியேஷனில் பேசி வைத்திருக்கிறோம். 2024 ஏப்ரலில் இந்த மாவட்டத்துக்கு வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தது நினைவிருக்கும். ரேஷன் கடைக்குப் போவதற்குக்கூட வயதானவர்கள் சாயங்காலம் வரை காத்திருந்த நாட்கள் அவை. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம்.

சிக்கல் இதுதான். கோபர்நிகஸ் பிரௌசர் தளத்தில் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை எடுத்து என்டிவிஐ (பச்சை எவ்வளவு என்று காட்டும் எண்) போட்டுப் பார்த்தேன். டிசம்பர் படத்தில் வார்டு முழுக்கப் பச்சை, எங்கும் குறையே இல்லை. மார்ச் படத்தில் தென்னை நிற்கும் வீட்டு மனைகள் மட்டும் பச்சை, சுற்றியுள்ள வயல்கள் காய்ந்த நிறம். அப்புறம் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படத்தைப் பார்த்தால் அறுவடை முடிந்த வயல்தான் எல்லாவற்றையும்விடச் சூடு, கடைத்தெரு அதைவிடக் குறைவு! ஆனால் மதியம் ஒரு மணிக்குக் கடைத்தெருவில் நிற்க முடியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படத்தை அப்படியே நம்பினால் நெல்வயலில்தான் பூங்கா வைக்க வேண்டும்.

எந்த மாதப் படத்தை எடுப்பது? எதை அளந்தால் "இங்கே குறை" என்று தைரியமாகச் சொல்லலாம்? ஒரு வார்டுக்கு எவ்வளவு பசுமை போதும் என்று ஏதாவது கணக்கு உண்டா? யாருக்கும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை, எங்களிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் விடுமுறை நாட்களும்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடக்காரன் (கோவை):

நல்ல கேள்வி. முதலில் படம் பொய் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்டிவிஐ அளப்பது இலையின் பச்சையத்தை. பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், இலையின் உள்ளமைப்பு அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மைனஸ் 1 முதல் 1 வரை ஒரு எண் வரும். வெற்று மண் 0.1, 0.2 என்று நிற்கும், அடர்ந்த மரக்கூட்டம் 0.6க்கு மேலே போகும். ஆனால் மழை முடிந்த கையோடு காலி மனையில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் உன்னிச்செடியும் பார்த்தீனியமும் அதே 0.6ஐக் கொடுக்கும். நிழல் கொடுக்கும் பச்சையா, களையா என்பது அந்த எண்ணில் இல்லை. டிசம்பர் படத்தில் நீங்கள் பார்த்த பச்சையில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான் என்று என் அனுமானம்.

அதனால் ஒரு மாதப் படத்தை எடுக்காதீர்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டு சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடக்கின்றன, 2017இல் இரண்டாவது விண்ணுக்குப் போனதிலிருந்து இந்தக் கணக்கு. மூன்று வருடப் படங்களையும் கூகுள் எர்த் எஞ்சினில் (செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் தளம்) அடுக்கி, மேகத்தை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது படத்தின் ஒவ்வொரு சின்னச் சதுரத்துக்கும், வருடத்தில் கிடைத்த தாழ்ந்த மதிப்பைக் கேளுங்கள். ஆகக் குறைந்த மதிப்பையே எடுத்தால் நீக்கத் தவறிய மேகமும் மேக நிழலும் உள்ளே வந்து கெடுத்துவிடும், 15 அல்லது 20ஆவது சதமானத்தை எடுங்கள், அதாவது நூறு மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்கினால் 15 அல்லது 20ஆவதாக வருவதை. களை, புல், பயிர் எல்லாம் ஏதோ ஒரு மாதத்தில் காய்ந்து விழும், அந்த மதிப்பு கீழே போய்விடும். மா, புளி, ஆல், தென்னை வருடம் முழுக்க மேலேயே நிற்கும். கோடையிலும் நிழல் தருவது எது என்று இதில் பெருமளவு தெளிந்துவிடும். தேக்கு மட்டும் விதிவிலக்கு, கோடையில் இலை உதிர்த்துவிட்டு நிற்கும், தேக்குப் பறம்பு இருந்தால் கையால் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கம் மேகம் விலகவே விலகாது, அந்த மாதங்களில் படம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது அளவு. சென்டினல் ஒளியை நிறவாரியாகப் பல பட்டைகளாகப் பதிகிறது, அதில் நல்ல பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். தனியாக நிற்கும் ஒரு தென்னையின் தலை அதைவிடச் சிறியது, அது பக்கத்துக் கூரையோடும் சிமென்ட் முற்றத்தோடும் கலந்துதான் பதியும். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் என்றால் பல பிக்சல்களை மூடும். ஆகவே "இந்தப் பகுதியில் மரம் குறைவு" என்று சொல்ல சென்டினல் போதும், "இந்தத் தெருவில் ஏழு மரம்தான்" என்று சொல்லப் போதாது. அதற்கு கூகுள் எர்த் புரோவில் பழைய தேதிப் படங்களைத் திறந்து கண்ணால் எண்ணுவது நல்லது. இஸ்ரோவின் லிஸ்-4 கேமராப் படத்தில் ஒரு பிக்சல் 5.8 மீட்டர், இஸ்ரோவின் பூநிதி தளத்தில் கணக்குத் தொடங்கித் தேடிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே அது நல்ல உதவி.

வெப்பப் படம் பற்றி. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் நம் பக்கம் காலை பத்தரை மணியை ஒட்டிக் கடக்கின்றன. அவை அளப்பது தரையின், கூரையின் மேற்பரப்பு வெப்பம், நாம் உணரும் காற்றின் வெப்பம் வேறு. அறுவடை முடிந்து ஈரம் வற்றிய மண் காலை வெயிலிலேயே சீக்கிரம் சூடேறிவிடும். கான்கிரீட் மெதுவாகத்தான் ஏறும், ஏறியதை இரவு வரை வைத்திருக்கும். வறண்ட பருவத்தில் காலைப் படத்தில் டவுனைவிட வயல் சூடாகத் தெரிவது உலகில் பல வறண்ட ஊர்களில் பார்த்த விஷயம். அதைவிட மோசமான பொறி தகரக் கூரை. பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது குறைவு, அதனால் செயற்கைக்கோளுக்கு அது குளிர்ச்சியாகத் தெரியும், உள்ளே இருப்பவர்கள் வெந்துகொண்டிருப்பார்கள். தகரக் கூரை அடர்ந்த குடியிருப்பு உங்கள் வார்டில் இருந்தால் வெப்பப் படம் "இங்கே பிரச்சனை இல்லை" என்றுகூடச் சொல்லிவிடும், எச்சரிக்கையாக இருங்கள். இன்னொன்று, அந்த வெப்பப் பட்டையின் உண்மையான அளவு 100 மீட்டர், 30 மீட்டராகப் பிரித்துத்தான் நமக்குத் தருகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது 247 சென்டுக்கு ஒரே எண். தெருவுக்குத் தெரு வித்தியாசம் அதில் தேடாதீர்கள்.

வயலையும் டவுனையும் ஒரே படத்தில் ஒப்பிட வேண்டாம். கட்டடப் பகுதியை மட்டும் தனியே வெட்டி எடுத்து, அதற்குள் எது எதைவிடச் சூடு என்று பாருங்கள். உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:

கோவைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், இது கேரளத்துக்கு ரொம்ப முக்கியம். மார்ச் படத்தில் வெறுமையாகத் தெரியும் இடத்தைக் காலி இடம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் வார்டு சபையிலேயே உங்கள் கோரிக்கை அடிபட்டுவிடும். 2008இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயல்களுக்கு டேட்டா பேங்க் என்ற பதிவேடு இருக்கிறது. அதில் உள்ள நிலத்தை அவ்வளவு சுலபமாக வேறு எதற்கும் மாற்ற முடியாது, பூங்கா நல்ல காரியம்தான் என்றாலும் மண் கொட்டி மேடாக்கினால் அது வயலை நிரப்பியதுதான். டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் கேளுங்கள். ஒரு நிலம் 2008இல் வயலாக இருந்ததா என்று தகராறு வரும்போது திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையம் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத்தான் அறிக்கை கொடுக்கிறது. உங்களுக்குப் புதிதாகத் தெரியும் இந்தப் படங்கள் இங்கே சம்சாரிகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே நுழைந்துவிட்டவை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வயல் வேனலில் காய்ந்து கிடந்தாலும் ஜூனில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அதுதான், உங்கள் கிணற்றில் ஊறுவது அந்தத் தண்ணீர்தான். மூன்று மாதம் பச்சை இல்லை என்பதால் அதைத் தரிசு என்று கணக்கிடுவது எனக்கு மனசுக்கே ஒப்பவில்லை. வரைபடத்தில் வயல்களைத் தனி நிறத்தில் "தொடக்கூடாதவை" என்று முதலிலேயே குறித்துவிட்டு மிச்சத்தில் தேடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. வருடம் முழுக்கப் பச்சையாகத் தெரியும் இடம் குளமாக இருக்கலாம். ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கப் பாயல் என்ற மிதக்கும் களையும் மூடிய கோயில் குளம், பஞ்சாயத்துக் குளம் எல்லாம் படத்தில் அடர்ந்த தோப்பு போலவே வரும். அதை வாரிச் சுத்தம் செய்து, கரையில் நாலு பக்கமும் மரம் வைத்து நடைபாதை போட்டால் ஊருக்கு அதைவிட நல்ல பூங்கா வேறு எதுவும் கிடைக்காது, நிலத்துக்கு அலைய வேண்டிய வேலையும் இல்லை. வில்லேஜ் ஆபீஸில் பி.டி.ஆர். என்ற அடிப்படை வரிப் பதிவேட்டைப் பார்த்தால் குளம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வாய்க்கால் கரையையும் விட்டுவிடாதீர்கள். மலம்புழா பாசன வாய்க்கால் போகிற இடங்களில் கரை நீளத்துக்கு நீளம் கிடக்கிறது. பாசனத் துறையின் அனுமதி வேண்டும், வேர் கரையை உடைக்காத மரமாகவும் பார்த்து வைக்க வேண்டும், ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

நகரி நெசவு:

ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இதே தலைவலி வேறு வடிவத்தில். ஏரிக்குள் சீமைக்கருவேலம் புகுந்து நிற்கிறது, கோடையிலும் இலை உதிராது, அதனால் நீங்கள் சொன்ன தாழ்ந்த மதிப்புக் கணக்கிலும் அது "நல்ல மரக்கூட்டம்" என்றுதான் வரும். படம் பார்த்தவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு காடு இருக்கிறதே, உங்களுக்கு எதற்குப் பூங்கா என்று கேட்டார்கள். முள்ளுக்குள் யார் போய் உட்காருவது? அதனால் வரைபடத்தில் பச்சையை இரண்டாகப் பிரியுங்கள், மனிதர் உள்ளே போகக்கூடியது, போக முடியாதது. மதில் வைத்த தோப்பு, ரயில்வே நிலம், கம்பனி வளாகம் எல்லாம் இரண்டாவதில் வரும். காற்றைக் குளிர்விக்க அவையும் உதவும்தான், ஆனால் பிள்ளைகள் விளையாட உதவாது.

எங்கள் தெருக்களில் விசைத்தறிக் கொட்டகைகள் வரிசையாக இருக்கும், எல்லாம் ஷீட் கூரை. தகரத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எங்கள் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன், நன்றி.

நிழல்தேடி:

நான் பாலக்காட்டில் பள்ளி ஆசிரியை. எல்லோரும் படத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், நான் ஆளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். மதியம் பதினொன்று முதல் மூன்று வரை உங்கள் வார்டில் யார் வெளியில் இருக்கிறார்கள்? தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, லாட்டரி விற்பவர், வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வேனல் லீவில் எங்கும் போக வழியில்லாத பிள்ளைகள். இவர்களுக்கு அரை ஏக்கர் பூங்காவைவிட நானூறு மீட்டர் தெருவுக்கு நிழல் கிடைப்பது பெரிய விஷயம். பூங்கா என்றாலே வேலி, கேட், காலை நடைப்பயிற்சி என்று நம் மனதில் பதிந்துவிட்டது, மதியம் அது பூட்டிக் கிடக்கும்.

எவ்வளவு போதும் என்று கேட்டீர்கள் அல்லவா. மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டுதல் 2014இல் வந்தது, ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்று அதில் இருக்கிறது. பாலக்காடு முனிசிபாலிட்டியின் மக்கள்தொகை 2011 கணக்கில் சுமார் 1.3 லட்சம். பத்து சதுர மீட்டர் என்று வைத்தாலே 130 ஹெக்டேர் வேண்டும், 320 ஏக்கருக்கு மேல். கோட்டையும் கோட்டை மைதானமும் நமக்குப் பெருமைதான், ஆனால் அங்கிருந்து தள்ளி ஒலவக்கோட்டில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அதனால் என்ன பயன்? மொத்தக் கணக்கில் ஊருக்குப் போதுமானது இருந்தாலும் ஒரு வார்டுக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம், அதனால் தலைக்கு இத்தனை என்ற கணக்கோடு நிற்காமல் தூரத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு சொல்வது, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பொதுப் பசுமை. அரை ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் 124 சென்ட் வரும், நெருக்கமான வார்டில் அது கிடைப்பது கஷ்டம், இருந்தாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது 3-30-300 என்ற விதி. செசில் கோனினென்டைக் என்ற நகர வனவியலாளர் 2021இல் சொன்னது. வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரமாவது தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மரக்கிளை மூடியிருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமை வெளி வேண்டும். முப்பதைச் செயற்கைக்கோளில் அளக்கலாம், முந்நூறை வரைபடத்தில் அளக்கலாம், மூன்றை வீட்டு வாசலில் நின்று பார்த்தால்தான் தெரியும். என் மாணவர்களிடம் அந்த மூன்றைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தெருத் தெருவாக எழுதிக் கொண்டுவந்துவிடுவார்கள், உங்கள் வார்டிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதியது வார்டு சபையில் வாசிக்கப்பட்டால் பெற்றோர்கள் கட்டாயம் வந்து உட்காருவார்கள், அதுவே பாதி பலம்.

பள்ளி வளாகங்களையும் கணக்கில் எடுங்கள். லீவு நாட்களில் மாலை மட்டும் மைதானத்தைத் திறந்துவிட பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒப்புக்கொண்டால் ஒரு ரூபாய் நிலச் செலவு இல்லாமல் 300 மீட்டர் கணக்கு பல தெருக்களுக்குச் சரியாகிவிடும்.

பாலக்காட்டுக் காத்து:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன பட்டியலை அசோசியேஷன் குழுவில் போட்டேன், உடனே நாலு பேர் தங்கள் தெருவை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வயல்களைத் தனி நிறத்தில் குறிப்பது என்று முடிவாகிவிட்டது, டேட்டா பேங்க் விவரத்துக்குக் கிருஷி பவனுக்கு ஆள் போகிறது. பாயல் மூடிய குளம் எங்கள் வார்டு எல்லையில் ஒன்று இருக்கிறது, இத்தனை நாள் அந்தப் பக்கம் நாங்கள் பார்த்ததே குப்பை போடும் இடமாகத்தான்.

இன்னும் இரண்டு சந்தேகம். 300 மீட்டரை நேர்கோட்டில் அளந்தால் ரயில் பாதைக்கு மறுபக்கம் இருக்கும் மைதானம்கூட எங்களுக்குப் "பக்கம்" என்று வருகிறது, கேட் வழியாகச் சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். இதை எப்படிக் கணக்கிடுவது? அப்புறம் மரம், வெப்பம், ஆட்கள், தூரம் என்று நாலு வரைபடம் ஆகிவிட்டது, இதை ஒன்றாக்கி "முதலில் இந்தத் தெரு" என்று எப்படிச் சொல்வது?

வரைபடக்காரன் (கோவை):

தூரத்துக்கு நேர்கோடு வேண்டவே வேண்டாம். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் வார்டின் சந்துகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள், விட்டுப்போன சந்துகளை நீங்களே வரைந்து சேர்க்கலாம், சேர்த்தால் அது எல்லோருக்கும் பயன்படும். பிறகு க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் அந்த வழிகளை வைத்து நடைதூரம் கணக்கிடும் வசதி இருக்கிறது. ஒரு விஷயம், பூங்காவின் நடுப்புள்ளியிலிருந்து அளக்காதீர்கள், வாசலிலிருந்து அளங்கள். ஒரே வாசல் உள்ள மைதானத்துக்குப் பின்பக்க வீட்டுக்காரர் முழு மதிலையும் சுற்றி நடக்க வேண்டும். சில இடங்களில் புதுப் பூங்காவே தேவைப்படாது, பின்பக்கம் ஒரு சின்ன கேட் திறந்தால் நூறு வீடுகள் 300 மீட்டருக்குள் வந்துவிடும். அந்தக் கோரிக்கைக்கு ஆகும் செலவும் குறைவு, சீக்கிரம் நடக்கும், வரைபடத்தில் முன்னும் பின்னும் என்று இரண்டு படமாகக் காட்டுங்கள்.

ஒன்றாக்குவது பற்றி. வார்டை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மரமூட்டம் 30 சதவீதத்திலிருந்து எவ்வளவு குறைகிறது, கட்டடப் பகுதிக்குள் மற்றவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு சூடு, எத்தனை பேர் இருக்கிறார்கள், வாசல் வரை நடைதூரம் எவ்வளவு என்று எழுதி, எல்லாவற்றையும் 0 முதல் 1 வரை மாற்றிச் சராசரி எடுங்கள். அமெரிக்காவில் அமெரிக்கன் ஃபாரெஸ்ட்ஸ் என்ற அமைப்பு டிரீ ஈக்விட்டி ஸ்கோர் என்று ஒன்றை வைத்திருக்கிறது, மரக்குறையோடு வருமானம், வயது, வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்து எந்தப் பகுதிக்கு முதலில் மரம் என்று சொல்லும். உங்களுக்கு அவ்வளவு தரவு கிடைக்காது, ஆனால் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் போன்ற உலகத் தரவுகள் 100 மீட்டர் கட்டத்தில் கிடைக்கும், அவை மதிப்பீடுதான். ஒரு வார்டு அளவுக்கு அதைவிட உங்கள் ஆட்கள் வீட்டைக் கதவு கதவாக எண்ணினாலே நம்பகமாக இருக்கும்.

அந்தச் சராசரியில் எதற்கு எத்தனை எடை என்பதை லேப்டாப்பில் உட்கார்ந்து நீங்கள் தீர்மானிக்காதீர்கள். வெப்பமா தூரமா எது முக்கியம் என்று கூட்டத்தில் கேட்டுத் தீர்மானியுங்கள், எடையை மாற்றினாலும் முதல் ஐந்து இடத்துக்குள் மறுபடி மறுபடி வரும் கட்டங்கள்தான் உங்கள் கோரிக்கை. டீச்சர் சொன்ன மதிய ஆட்கள் பட்டியலையும் தெருக்களின் மேல் புள்ளிகளாகப் போடுங்கள். மதிப்பெண் உயர்ந்த கட்டமும் ஆட்கள் அதிகம் நிற்கும் புள்ளியும் சேரும் இடத்தை யாராலும் மறுக்க முடியாது. இரண்டும் சேராத இடத்தில் நான் ஆட்கள் பக்கம் நிற்பேன்.

கவுன்சிலரிடம் கொடுக்கும் படத்தில் என்டிவிஐ என்ற எழுத்தே வேண்டாம். கூகுள் எர்த் படத்தின் மேல் தெருப்பெயர், ரேஷன் கடை, பள்ளிவாசல், கோயில், அங்கன்வாடி எல்லாம் எழுதி, அதன் மேல் மூன்று நிறம் போதும். ஆட்கள் தங்கள் வீட்டை அதில் விரல் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:

இடம் முடிவானதும் தொகை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுவதற்கு மட்டும் எழுதாமல் மூன்று வேனலுக்குத் தண்ணீர் ஊற்ற, கூண்டு வைக்க, காய்ந்ததை மாற்றி நடச் சேர்த்து எழுதுங்கள். அய்யங்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தில் இந்த வேலையைச் சேர்க்க முடியுமா என்று முனிசிபாலிட்டியில் கேட்டுப் பாருங்கள், வார்டுப் பெண்களுக்கு வேலையாகவும் ஆகும். நாற்று சமூக வனப் பிரிவில் ஜூன் 5ஐ ஒட்டிக் கொடுப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நடுவதும் அந்த மழையிலேயே நடந்துவிட வேண்டும்.

நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறக்க வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று இளங்கன்றை வாட்டிவிடும், கிழக்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டினால் பிழைக்கும். குல்மோகர் சீக்கிரம் வளரும், அழகாகவும் பூக்கும், ஆனால் கிளை முறிந்து விழும், ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் வைக்கவே கூடாது. புங்கம், நாவல், வேம்பு, இலுப்பை, குளக்கரையில் நீர்மருது. மின்கம்பி போகும் பக்கத்தில் உயரம் போகாத மரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் தலையை வெட்டிவிட்டுப் போவார்கள்.

வரைபடக்காரன் (கோவை):

அவர் சொன்ன மூன்று வேனலுக்குள் சென்டினல் படத்தில் புதுக் கன்றுகள் எதுவும் தெரியாது, இரண்டரை சென்ட் பிக்சலில் குடை அளவு மரம் மறைந்துவிடும். திட்டம் நடக்கவில்லை என்று யாரும் அதை வைத்துச் சொல்லிவிடாதபடி, ஒவ்வொரு கன்றுக்கும் எண் கொடுத்து, இருப்பிடம் பதிவாகும்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் போனில் படம் எடுத்து வையுங்கள். எர்த் எஞ்சினில் தாழ்ந்த மதிப்பு எடுக்கும் நிரலை நாளை இங்கே போடுகிறேன், வார்டு எல்லைக் கோப்பை மட்டும் அனுப்புங்கள்.